ஆன்லைனில் வாங்கிய தங்க நாணயம் போலி: 7 நாள் கெடு முடிந்தால் வழக்கும் முடிந்ததா?

கேள்வி: 2025 அட்சய திரிதியை சமயத்தில் ஓர் ஆன்லைன் தளத்தில் 10 கிராம் 24 கேரட் நாணயம் வாங்கினேன். கிராமுக்கு 700 ரூபாய் குறைவாகக் கிடைத்தது, மொத்தம் 91 ஆயிரம். மகளுக்குத் தோடு செய்யலாம் என்று போன வாரம் நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் நாணயம் அடைத்து வந்த அட்டையை வெட்டி, நாணயத்தின் ஓரத்தை அரம் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "உள்ளே செம்பு, மேலே முலாம்தான்" என்றார். தளத்தில் கேட்டால், விற்றவர் வேறு ஆள், திருப்பி அனுப்பும் 7 நாள் கெடுவும் முடிந்துவிட்டது என்கிறார்கள். விற்றவரின் பக்கத்தையே இப்போது காணோம். வேறு கடையில் தள்ளிவிடச் சொல்கிறார் கொழுந்தனார். என்ன செய்யலாம்? இன்னொரு நாணயம் வாங்கினால் எப்படிப் பார்ப்பது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கொழுந்தனார் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள், சகோதரி. இந்த நிமிடம் வரை நீங்கள் ஏமாற்றப்பட்டவர். போலி என்று தெரிந்தபின் அதை விற்றாலோ அடகு வைத்தாலோ, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 318-ஆம் பிரிவின்படி மோசடி செய்தவர் ஆகிவிடுவீர்கள். உருக்கிப் பார்க்கவும் கொடுக்க வேண்டாம். உங்கள் வழக்கே அந்தச் செம்புத் துண்டுதான்.

அந்த 7 நாள் கெடு தளம் போட்டுக்கொண்ட விதி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 புகார் கொடுக்க 2 ஆண்டு தருகிறது. போலி என்று தெரிந்த நாளிலிருந்து கணக்குப் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல், பார்சல் கைக்கு வந்த தேதியிலிருந்தே 2 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருள் போலியாக இருந்தால் அதைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் தரவோ விற்றவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன.

சரி, விற்றவர் காணாமல் போய்விட்டாரே? அதே விதிகளில் அதற்கும் வழி இருக்கிறது. பொருள் வாங்கியவர் எழுத்து மூலம் கேட்டால், விற்றவரின் முகவரி, மின்னஞ்சல் போன்ற விவரங்களைத் தளம் கொடுத்தாக வேண்டும். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்டிலும் ஒரு பிரதி போகட்டும். 48 மணி நேரத்துக்குள் அவர் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லையென்றால் விற்றவர், தளம் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் ஊர் போதும், விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம்.

உங்கள் வழக்கில் எனக்குக் கவலை தரும் இடம் வேறு. "நாங்கள் அனுப்பியது அசல், இவர்தான் மாற்றிவிட்டார்" என்பார்கள். இதுபோன்ற வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது இதைத்தான். நீங்கள் பார்சல் பிரித்ததை வீடியோ எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அட்டை முதன்முதலில் வெட்டப்பட்டது நகைக்கடையில், அங்கிருக்கும் கண்காணிப்பு கேமரா முன்னால். பழைய பதிவுகள் கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் நாளைக்கே போய் அந்தக் காட்சியைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, மின்னணுப் பதிவை ஆதாரமாகக் காட்டத் தேவைப்படும், சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுக்கான சான்றிதழும், தான் பார்த்ததைக் கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் இரண்டு வரியும் வேண்டும். வெட்டிய அட்டைத் துண்டுகள், பில், பார்சல் உறை எதையும் எறியாதீர்கள்.

அட்டையில் ஒரு வரிசை எண் இருக்கும். அட்டையில் பெயர் போட்டிருக்கும் நிறுவனத்துக்கு நாணயத்தின் இரு பக்கப் படத்தோடு அந்த எண்ணை அனுப்பி, இது நீங்கள் வெளியிட்டதுதானா என்று கேளுங்கள். "எங்களுடையது இல்லை" என்று பதில் வந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எண் பொருந்துகிறது என்பதால் மட்டும் நாணயம் அசலாகிவிடாது. ஓர் அசல் எண்ணையே நூறு போலி அட்டைகளில் அச்சடிக்க முடியும்.

கடைக்காரரின் வாய்வார்த்தை ஆணையத்தில் நிற்காது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் எடை, படத்தோடு பரிசோதனை அறிக்கை வாங்குங்கள். எதிர்த்தரப்பு அதையும் மறுத்தால், ஆணையமே நாணயத்தை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடமுண்டு. ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். இதற்கிடையே 1930 எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ பதிந்துவிடுங்கள். இத்தனை மாதம் கழித்துப் பணத்தை முடக்க முடிவது கடினம், ஆனாலும் விற்றவரின் வங்கிக் கணக்கைப் போலீஸால்தான் தேட முடியும்.

இனி வாங்குவது பற்றி. ஹால்மார்க் கட்டாயம் என்பது நகைக்குத்தான், தங்க நாணயத்துக்கு அதில் விலக்கு இருக்கிறது. அதனால் "ஹால்மார்க் இல்லாமல் விற்கவே முடியாது" என்று நம்பி வாங்காதீர்கள். பில்லில் இருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டு, விற்றவரின் பெயரோடு பொருந்துகிறதா பாருங்கள். தங்கத்துக்கு 3 சதவீத வரி கட்டி, சந்தை விலைக்குக் கீழே 700 ரூபாய் குறைத்துக் கொடுக்க யாருக்கும் கட்டுப்படியாகாது.

நாணயம் வந்ததும் அட்டையைப் பிரிக்காமலே விட்டத்தையும் தடிமனையும் நிறுவனம் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். ஒரே எடையில் செம்பு, தங்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். விட்டம் சரியாக இருந்தால் தடிமனில் மாட்டிக்கொள்ளும். சந்தேகம் வந்து அட்டையைப் பிரிப்பதானால் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். நகைக்கடைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, முள்ளைச் சுழியமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் மூழ்க விடச் சொல்லுங்கள். நாணயம் விலக்கும் தண்ணீரின் எடையைத்தான் தராசு காட்டும்: 10 கிராம் சுத்தத் தங்கம் என்றால் 0.52 கிராம். செம்பு என்றால் 1.1-ஐத் தாண்டும். டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி தங்கத்தை ஒட்டியே இருப்பதால் அது மட்டும் இதில் சிக்காது, அதற்கு ஆய்வகம்தான். 1.1 காட்டினால் அந்த வீடியோவோடு அன்றைக்கே ரிட்டர்ன் போட்டுவிடுங்கள், 7 நாள் கெடு அப்போது உங்கள் பக்கம் இருக்கும்.