வாசகர் கேள்வி பதில்: குரங்கைக் கடைசியில் கொண்டு வாருங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஆங்கிலம் நன்றாகவே எழுதுவேன். ஆனால் ஆபீஸில் டீ நேரத்தில் சனி, ஞாயிறு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எதிரில் இருப்பவர் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். ஆங்கிலம் பேசியே வளர்ந்தவர்கள் சொல்லும் கதையை மட்டும் எல்லாரும் கேட்கிறார்கள். நான் எங்கே கோட்டை விடுகிறேன்?
(வாசகி, மஸ்கிரேவ்)

பதில்: இலக்கணத்தில் தப்பு இருக்காது, வரிசையில்தான் சிக்கல். நாம் தமிழில் ஒன்றைச் சொல்லும்போது எப்போது, ஏன், யார் கூட இருந்தார்கள் என்று எல்லாவற்றையும் முன்னால் அடுக்கிவிட்டு வினைமுற்றைக் கடைசியில் போடுவோம். “லோட் ஷெடிங் முடிஞ்சு கரண்ட் வந்ததும் சமைக்கலாம்னு ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு, உள்ளே போய் அரிசி எடுத்துட்டு வந்து பார்த்தா, குரங்கு ரொட்டியைத் தூக்கிட்டுப் போயிருக்கு!” டர்பனில் குரங்கு இப்படிக் கைவைப்பது அடிக்கடி கேட்கிற கதை. கேட்கிற தமிழர் அலுத்துக்கொள்ள மாட்டார், விஷயம் கடைசியில்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். இதையே ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’, ‘ஆஃப்டர்’, ‘வென்’ என்று, தனியாக நிற்க முடியாத துணைத்தொடர்கள் மூன்று நான்கை வாசலிலேயே நிறுத்திச் சொன்னால், யார் என்ன செய்தார்கள் என்பது எப்போது வரும் என்று காத்திருந்தே கேட்பவர் களைத்துப்போவார்.

அவர்கள் பேசும்போது கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். நடந்த காரியங்கள் எல்லாம் சின்னச் சின்ன முழு வாக்கியங்களாக, ‘அண்ட்’, ‘ஸோ’, ‘தென்’ போட்டு, நடந்த வரிசையிலேயே வரும்: “ஐ ஓபன்ட் த விண்டோ, அண்ட் ஐ வென்ட் இன்சைட், அண்ட் ஐ கேம் பேக்...” பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால் மார்க் குறைப்பார்கள், பேச்சில் இதுதான் முதுகெலும்பு. அமெரிக்க மொழியியலாளர்கள் வில்லியம் லபோவும் ஜோஷுவா வாலட்ஸ்கியும் சொந்த அனுபவக் கதைகளை ஆராய்ந்து 1967-ல் எழுதியது இதைத்தான். கதையை நகர்த்துவது தனியாக நிற்கக்கூடிய முதன்மைத் தொடர்கள். அவற்றின் இடத்தை மாற்றினால் நடந்த கதையே மாறிவிடும். துணைத்தொடர் கதையை நகர்த்தாது. எங்கே, எந்த நேரம் என்ற பின்னணியையோ, காரணத்தையோ, சொல்பவரின் மனசில் ஓடியதையோ அது ஓரமாக நின்று சொல்லும்.

காரணத்தை அவர்கள் பெரும்பாலும் பின்னால்தான் ஒட்டுவார்கள். முதலில் “வி லெஃப்ட் எர்லி”, அப்புறம்தான் “பிகாஸ் த பேபி வாஸ் க்ரையிங்”. நமக்கோ ‘குழந்தை அழுததால்’ என்பது முன்னால் வராமல் வாயே திறக்காது. இந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ‘வென்’ அப்படி இல்லை, அது தாராளமாக முன்னால் வரும், “வென் வி வேர் ஸ்மால்” என்று பழைய கதையைத் தொடங்குவதே அதை வைத்துத்தான்.

ஆனால் அந்த ‘வென்’னிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. “ஐ வாஸ் லாக்கிங் த கேட் வென் திஸ் மங்கி ஜம்ப்ட் ஆன் த கார்.” இலக்கணப்படி பார்த்தால் குரங்கு துணைத்தொடரில் இருக்கிறது, கேட் பூட்டுவதுதான் முதன்மை. கேட்பவருக்கோ கேட்டைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை. இங்கே பெரிய விஷயத்தைக் கடைசி ‘வென்’னுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, திடீரென்று எடுத்து விடுகிறார்கள். தமிழில் “கேட்டைப் பூட்டிக்கிட்டு இருக்கேன், அப்பப் பார்த்து ஒரு குரங்கு...” என்கிறோமே, அதே வேலைதான். நம் பழக்கத்தில் ‘வென்’னை முன்னால் கொண்டுபோய், “வென் த மங்கி ஜம்ப்ட் ஆன் த கார், ஐ வாஸ் லாக்கிங் த கேட்” என்று சொன்னால் தப்பில்லை, ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பது மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, கதையின் நடுவே அபிப்பிராயம் சொல்ல அவர்கள் ‘விச்’ போடுவார்கள். “ஹி டிடின்ட் ஈவன் ஃபோன், விச் இஸ் ஸோ லைக் ஹிம்.” முன்னால் சொன்ன முழு விஷயத்தையும் அந்த ‘விச்’ பிடித்துக்கொள்கிறது. எழுத்தில் இதைக் கண்டால் முகம் சுளிக்கிற ஆசிரியர்கள் உண்டு. டீ நேரத்தில் தயங்காமல் போடுங்கள்.

கேள்வி: என் மாமியார் டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலேயே வளர்ந்தவர். தமிழ் புரியும், பேசுவது ஆங்கிலம்தான். போரிட்ஜ் பிரேயருக்கு (அம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூஜை) பாத்திரம் எடுக்கும்போது, “விச் ஒன் ஐ பாட் லாஸ்ட் வீக், தட் ஒன் இஸ் லீக்கிங்” என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அது தப்பான ஆங்கிலமா?
(வாசகி, சாட்ஸ்வர்த்)

பதில்: அவர் சொன்னதை அப்படியே தமிழில் வைத்துப் பாருங்கள்: ‘எதைப் போன வாரம் வாங்கினேனோ அது ஒழுகுது.’ எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். இந்தியில், போஜ்புரியில் கூட இப்படி ஜோடியாக வரும் அமைப்பு உண்டு, அதனால் தமிழ் வீடு, இந்தி வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் இங்குள்ள இந்தியர் பேச்சில் அது நிலைத்துவிட்டது. 1860-லிருந்து 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சம் பேர், பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆங்கிலத்துக்கு மாறியபோது தொடர்களை அடுக்கும் முறையையும் கூடவே கொண்டுபோனார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ராஜெந்த் மெஸ்திரி இந்தப் பேச்சைப் பல வருஷம் ஆராய்ந்தவர்; தென்னாப்பிரிக்க இந்தியர்களின் ஆங்கிலத்தில் ‘விச்’, ‘ஹூ’ தொடர்கள் எத்தனை விதமாக வருகின்றன என்பதைப் பற்றி மட்டுமே 1990-ல் டன் என்பவருடன் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பேராசிரியர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த விஷயத்துக்குத்தான் உங்கள் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பரீட்சைத் தாளில் எழுதினால் அடிப்பார்கள், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். மாமியாரைத் திருத்தப் போகாதீர்கள். அதில் மொழியியலைத் தாண்டிய ஆபத்துகளும் இருக்கின்றன.

கேள்வி: மெட்ரிக் (பள்ளியின் கடைசி வருஷம்) படிக்கும் மகன் கட்டுரையில் “வாக்கிங் ஹோம் ஃப்ரம் ஸ்கூல், எ ஸ்னேக் கிராஸ்ட் த ரோட்” என்று எழுதினான். டீச்சர் சிவப்பு மையில் வட்டமிட்டு, பாம்பு எந்த ஸ்கூலில் படிக்கிறது என்று கேட்டிருக்கிறார். என்ன தப்பு?
(வாசகர், பீனிக்ஸ்)

பதில்: குறும்புக்கார டீச்சர், ஆனால் சொல்வது நியாயம். ‘வாக்கிங்’ என்று தொடங்கும் தொடரில் எழுவாய் கிடையாது, பின்னால் வரும் எழுவாயைத்தான் அது எடுத்துக்கொள்ளும். தமிழிலும் ‘ஸ்கூலிலிருந்து நடந்து வந்து பாம்பு ரோட்டைக் கடந்தது’ என்றால் நடந்து வந்தது பாம்புதான். ‘நடந்து வரும்போது’ என்றால்தான் வேறு ஆள் உள்ளே வர முடியும். பையன் மனசில் இருந்தது ‘வரும்போது’, எழுதியதோ ‘வந்து’. “ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் ஹோம்” என்று ‘ஐ’யை உள்ளே கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

கேள்வி: “வென் ஐ காட் தேர், த ஷாப் க்ளோஸ்ட்” என்பதா, “ஹேட் க்ளோஸ்ட்” என்பதா?
(வாசகர், டோங்காட்)

பதில்: இரண்டும் சரி, கதைதான் வேறு. ‘ஹேட்’ போட்டால் நீங்கள் போகும்முன்பே மூடிவிட்டார்கள். போடாவிட்டால் உங்களைப் பார்த்த பிறகு மூடினார்கள் என்று ஆகும். கடைக்காரரோடு தகராறு ஒன்றும் இல்லையென்றால் ‘ஹேட்’ போடுங்கள், இல்லை “த ஷாப் வாஸ் க்ளோஸ்ட்” என்று சொல்லிவிட்டுப் போங்கள், பேச்சில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.