தார்ப்பாய் போட்டு மூடியும் விறகு புகைவது ஏன்?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் ஊர். ஆவணியில் வெட்டிய சீமைக்கருவேல் விறகை வாங்கி, பின்கட்டில் தார்ப்பாயால் சுற்றி மூடி வைத்தோம். இப்போது கார்த்திகை. வெந்நீர் அடுப்பில் வைத்தால் ஒரே புகை. தையில் கல்யாணச் சமையலுக்கும் இதைத்தான் நம்பியிருக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் தார்ப்பாயைப் பிரியுங்கள். மழை உள்ளே வராமல் அது தடுத்தது, சரி. கட்டைக்குள் இருந்த ஈரத்தையும் வெளியே விடவில்லை. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராகவே இருக்கலாம். அடுப்பில் வைத்ததும் நெருப்பின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. மரத்திலிருந்து கிளம்பும் வாயு பற்றி எரியுமளவு சூடு கிடைக்காததால் அது புகையாகப் போகிறது.

விறகைக் காய வைப்பதில் வெயிலைவிடக் காற்றுக்குத்தான் பங்கு அதிகம். மரத்தின் ஈரம் நார் ஓடும் திசையில், அதாவது வெட்டுமுனை வழியாக வேகமாக வெளியேறும். பட்டை வழியாக அவ்வளவு சுலபமாக வராது. அதனால் உருட்டுக்கட்டையாக வைத்தால் பல மாதமானாலும் நடுவில் ஈரம் நிற்கும். ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்து, மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். சீமைக்கருவேல் காய்ந்தால் இரும்பு மாதிரி. பச்சையில் பிளப்பதே சுலபம். இப்போது கொஞ்சம் கை வலிக்கத்தான் செய்யும். முள்ளும் கவனம்.

பிளந்ததைச் செங்கல் மேல், சுவரில் ஒட்டாமல், குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மண்ணில் வைத்தால் கரையான் வரும். மேலே மட்டும் தகரம் போதும், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும். வெயில் அடிக்கும் நாளில் முற்றத்தில் பரப்புங்கள். எரிகிற அடுப்பை ஒட்டி அடுக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு கட்டையை நடுவில் பிளந்து உட்புறத்தைத் தொடுங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். மரத்தின் ஈரத்தை அளக்கும் கருவியான ஈரமானி கிடைத்தால் அந்தப் புதுப் பிளவிலேயே குத்திப் பாருங்கள், 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும்.

தைக்குள் எல்லாம் காய்வது சந்தேகம்தான். கல்யாணத்துக்குக் காய்ந்த விறகாகச் சோதித்து வாங்கிவிடுங்கள். உங்களுடையது பங்குனி, சித்திரை வெயிலையும் பார்க்கட்டும். விறகு போதவில்லையென்று இடித்த வீட்டின் பெயிண்ட் அடித்த கதவு, ஜன்னலை மட்டும் எரித்துவிடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வெந்நீர் அடுப்புக்குக்கூட அது ஆகாது.