அம்மம்மாவின் செம்மஞ்சள் கோப்பை

அம்மம்மாவின் பழைய செம்மஞ்சள் பீங்கான்களில் யுரேனியம் இருக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்துப் பயந்து எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அவற்றின் கதிர்வீச்சால் ஒன்றும் ஆகாது. இன்றிரவு நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள்.

1957இல் வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகும்போது, டொக்யார்ட்டில் வேலை செய்த உங்கள் அம்மப்பாவுக்கு ஒரு துரை கொடுத்த செட் என்கிறீர்கள். அந்தக் காலத்துப் பீங்கான்களின் மேல் பூசிய செம்மஞ்சள் மினுக்கத்தில் யுரேனியம் இருக்கலாம், வீடியோவில் சொன்னது சரி. அமெரிக்காவில் 1936இல் வந்த ஃபியஸ்டா பீங்கானின் சிவப்பே அப்படி வந்ததுதான். 1943இல் அணுகுண்டு வேலைக்கு அரசாங்கம் யுரேனியத்தை எடுத்துக்கொள்ள, அந்த நிறம் நின்றுபோனது. ஆனால் யுரேனியம் மிக மெதுவாகச் சிதைவது. அதன் முக்கியமான அல்பாக் கதிர் ஒரு கடதாசியைத் தாண்டாது. தட்டுகள் கண்ணாடி அலுமாரியில் இருக்கட்டும். உங்களுக்கு முடி கொட்டுவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

என்னைத் திடுக்கிட வைத்தது உங்கள் கடைசி வரி. நாலு வயது மகனுக்கு அடிக்கடி வயிற்றுக்குத்து, மலச்சிக்கல். நீங்களாகவே இரண்டு தரம் பூச்சி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. அவன் தினமும் சோற்றோடு சாப்பிடும் தேசிக்காய் ஊறுகாய் அந்தச் செட்டின் கோப்பையில்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊறுகாய் நிற்கும் மட்டம் வரை உட்புறம் மங்கிச் சொரசொரப்பாகிவிட்டது; அதற்கு மேலே இன்னும் பளபளப்பு. புளி அந்த மினுக்கத்தைக் கரைத்திருக்கிறது. பழைய மினுக்கங்களில் ஈயமும் சேர்ப்பார்கள். கரைந்து வருவதில் நான் பயப்படுவது அதற்குத்தான். யுரேனியமும் உள்ளே போனால் கதிரைவிட நஞ்சாகத்தான், சிறுநீரகத்தைத் தாக்கும். ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இரத்தத்தைக் குறைக்கும், நஞ்சுக்கொடி வழியாக வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

ஊறுகாயை இன்றைக்கே கொட்டிவிடுங்கள். உங்களுக்கும் மகனுக்கும் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டும். 1 டெசிலீற்றர் (100 மில்லிலீற்றர்) இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறதென்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கதிருக்குப் பயந்து நீங்கள் பாமசியில் வாங்கிய அயடின் குளிசையை உடனே நிறுத்துங்கள். யார் சொல்லிப் போட்டீர்கள்? அது கதிரியக்க அயடினிலிருந்து தைரொயிட்டைக் காக்கும் மருந்து. யுரேனியத்துக்கு எந்தப் பலனும் இல்லை. கர்ப்பத்தில் வீணாக எடுத்தால் பிள்ளையின் தைரொயிட்டைத்தான் கெடுக்கும். கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளை மட்டும் விடாதீர்கள். உடம்பில் அவை குறைந்தால் ஈயம் கூடுதலாக ஏறும்.

நாளைக்கே மகனைப் பெரியாஸ்பத்திரியில் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள். கோப்பையைக் கழுவி, ஒரு பையில் சுற்றி, கையோடு கொண்டுபோங்கள்.