கழுத்தில் செபமாலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம், பரம்பரைக் கத்தோலிக்கர்கள். என் தம்பி மகள் சென்னையில் படிக்கிறாள். போன விடுமுறைக்குத் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் கிறிஸ்தவள் இல்லை. கழுத்தில் கருப்பு மணிச் செபமாலை போட்டிருந்தாள். அழகாக இருந்ததால் இணையத்தில் வாங்கினாளாம். என் அம்மாவுக்கு முகமே வாடிப்போனது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு என்னிடம் புலம்பித் தீர்த்துவிட்டார். தம்பி மகளோ, "சிலுவை போடுறது இப்போ உலகம் முழுக்க ஃபேஷன் பாட்டி, இதுல என்ன இருக்கு" என்கிறாள். தோடு, மோதிரம், டி-சர்ட் என எல்லாவற்றிலும் சிலுவை வந்துவிட்டது. இது நிந்தையா, இல்லை நாங்கள்தான் அளவுக்கு மீறி வருத்தப்படுகிறோமா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. நானும் செபமாலை சொல்லும் வீட்டில் வளர்ந்தவன்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் சிலுவையும் செபமாலையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. என் மனதில் இரண்டுக்கும் ஒரே பதில் இல்லை.

முதலில் சிலுவை. ரோமாபுரியில் அது அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்லும் கருவி. கி.மு. 71இல் அடிமைகளின் தலைவன் ஸ்பார்ட்டகஸின் கலகத்தை அடக்கியபோது, கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாக 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். அதைப் பார்த்த உலகத்தில் யாரும் அதை நகையாகப் போட்டுக்கொள்ள நினைத்திருக்க மாட்டார்கள். கி.பி. 200 வாக்கில் திருச்சபை அறிஞர் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, கிறிஸ்தவர்கள் முத்திரை மோதிரத்தில் எந்தெந்த உருவங்களைப் பொறித்துக்கொள்ளலாம் என்று எழுதினார். புறா, மீன், கப்பல், யாழ், நங்கூரம் எல்லாம் அதில் உண்டு. சிலுவை இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ரோமின் பாலட்டைன் குன்றில் யாரோ ஒருவர் சுவரில் ஒரு படம் கீறி வைத்தார். சிலுவையில் கழுதைத் தலையோடு ஒரு மனிதன், கீழே அவனை வணங்கும் ஒருவன், "அலெக்சமெனோஸ் தன் கடவுளைத் தொழுகிறான்" என்று ஒரு வரி. யாரோ ஒரு சாதாரண விசுவாசியை அவமானப்படுத்தக் கீறியது. அந்தச் சுவர்த்துண்டு இன்றும் இருக்கிறது.

கிறிஸ்தவத்தை ஆதரித்த ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது. 379இல் இன்றைய துருக்கியில் புனித மக்ரினா இறந்தபோது, உடலை அடக்கத்துக்குத் தயார் செய்தவர்கள் அவர் கழுத்துக் கயிற்றில் ஓர் இரும்புச் சிலுவையையும் இரும்பு மோதிரத்தையும் கண்டார்கள். அவருடைய தம்பி, நீசா நகர ஆயர் கிரகோரியார், இதை எழுதி வைத்திருக்கிறார். இரும்பு! பணக்காரக் குடும்பத்துப் பெண் அவர். ஆடைக்குள் யாருக்கும் தெரியாமல் கிடந்த அந்தச் சிலுவையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

ஆனால் 6ஆம் நூற்றாண்டிலேயே பேரரசர் இரண்டாம் ஜஸ்டின் ரோமுக்கு அனுப்பிய சிலுவை முழுக்க ரத்தினம் பதித்தது. அது இப்போது வத்திக்கானில் இருக்கிறது. ஆக, சிலுவையை நகையாக்கியது இன்றைய பிள்ளைகள் இல்லை. மன்னர்களும் ஆயர்களும் எப்போதோ செய்துவிட்டார்கள். 2018இல் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் கத்தோலிக்கமும் ஃபேஷனும் பற்றிக் கண்காட்சி வைத்தபோது, வத்திக்கானே திருவுடைகளும் அணிகளுமாக 40 பொருள்கள் அளவில் இரவல் கொடுத்தது. இங்கிலாந்து இளவரசி டயானா அணிந்த செவ்வந்திக்கல் சிலுவையை 2023இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் 1,63,800 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தார். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு சிலுவைத் தோடு போடும் ஒரு கல்லூரிப் பெண்ணை நிந்தனை செய்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என்னை உறுத்துவது வேறு. எகிப்தில் காப்டிக் கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டின் உள்பக்கம் சிறிய சிலுவையைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். ஆபத்து வரும் நாளில் அதைக் கழற்றி ஒளித்துவைக்க முடியாது. லண்டனில் விமான நிறுவன ஊழியர் நாடியா எவெய்டா, சீருடைக்கு வெளியே தெரிந்த சிலுவைச் சங்கிலியால் 2006இல் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது 2013இல். சிலருக்கு அதே சின்னம் இவ்வளவு விலை கேட்கிறது. அழகுக்குப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போடலாம் என்பதுதான் என் ஆசை.

சரி, செபமாலைக்கு வருவோம். இதில் நான் உங்கள் அம்மா பக்கம். 53 மணிச் செபம் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்த 53 மணியும் 53 'அருள் நிறைந்த மரியே'. விரல் நகர நகர, இயேசுவின் பிறப்பும் பாடுகளும் உயிர்ப்பும் மனதில் ஓட வேண்டும். முனையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசுவின் உருவம் உள்ள சிலுவையை, முத்தமிட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். செத்த பிறகு கையில் சுற்றிவைப்பதும் அதைத்தான். அது வேலை செய்யும் பொருள். வேலையை எடுத்துவிட்டு வடிவத்தை மட்டும் மாட்டிக்கொண்டால், அதோடு வாழ்ந்தவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும்.

இங்கும் கழுத்தில் போடுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களில் பலர் செபமாலையைக் கழுத்தில்தான் போட்டிருப்பார்கள். அது நேர்ச்சை. திருச்சபைச் சட்டத்தின் 1171ஆம் பிரிவும் மந்திரித்த, அதாவது குருவானவர் ஆசீர்வதித்த, பொருளைத்தான் மரியாதையாக நடத்தச் சொல்கிறது. இணையத்தில் வாங்கிய மாலை மந்திரித்ததாக இருக்க வாய்ப்பில்லை. அதனால் அந்தப் பெண் செய்தது நிந்தை ஆகாது. அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

உங்கள் தம்பி மகளுக்குத் தெரியும். புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய பிள்ளை, பாட்டி மடியில் உட்கார்ந்து செபமாலை சொல்லியிருப்பாள். "இதுல என்ன இருக்கு" என்று அவள் கேட்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்தத் தோழி மாலையை வாங்கியபோதே அதில் என்ன இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டியவள் அவள்.

அடுத்த முறை அந்தப் பெண் வரும்போது அம்மா பேசாமல் இருக்க வேண்டாம். திட்டவும் வேண்டாம். தன் செபமாலையை எடுத்துக் காட்டி, எந்த மணியில் என்ன சொல்கிறோம், யாருக்காகச் சொல்கிறோம் என்று சொல்லட்டும். தம்பி மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். அதற்குப் பிறகும் அந்தப் பெண்ணுக்கு மாலையைப் போட்டுக்கொள்ளப் பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளட்டும். அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல் இருக்காது என்று நம்புகிறேன்.

அன்புடன்