இரண்டு தலைவர்கள் முட்டிக்கொண்டால் ஆலோசகரிடம் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவுத் தலைவரும் உற்பத்திப் பிரிவுத் தலைவரும் ஒரு வருடமாக முட்டிக்கொள்கிறார்கள். இப்போது கீழே வேலை பார்ப்பவர்களும் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். வெளியிலிருந்து ஆலோசகரை வரவழைத்து எல்லோருக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுக்கலாம் என்கிறார் நிர்வாக இயக்குநர். மனிதவளப் பிரிவில் இருக்கும் நான் எப்படி ஏற்பாடு செய்வது?

பதில்: ஆலோசகரைக் கூப்பிடுங்கள், பயிற்சி வேண்டாம். 40 பேரை உட்கார வைத்து ‘இணக்கமாகப் பேசுவது எப்படி’ என்று பாடம் நடத்தினால், 38 பேர் அந்த இருவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கட்சி சேர்ந்துவிட்டது என்கிறீர்களே, அதுதான் கவனிக்க வேண்டியது. மோதல் முற்றுவதை ஃபிரெட்ரிக் கிளாஸ்ல் என்ற ஆய்வாளர் 9 படிகளாகப் பிரித்தார். முதல் 3 படிகள் வரை இருவரும் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆள் சேர்ப்பது 4-ஆம் படி; இனி ஒருவர் ஜெயிக்க மற்றவர் தோற்றாக வேண்டும் என்ற கணக்கு வந்துவிடும், நடுவில் ஒருவர் தேவைப்படும். 7-ஐத் தாண்டினால் பேச்சுவார்த்தை எடுபடுவது கடினம், மேலிடம்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இன்னும் நடுக்கட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

வருகிற ஆலோசகர் எடுத்த எடுப்பில் ‘யாருக்கு என்ன குணம்’ என்று ஆராய ஆரம்பித்தால் கொஞ்சம் யோசியுங்கள். முதலில் கேட்க வேண்டியது, யாருக்கு எதற்கு ஊக்கத்தொகை என்பதை. விற்பனைப் பிரிவுக்கு ஆர்டர் பிடித்து வந்ததற்காகவும், உற்பத்திப் பிரிவுக்கு இயந்திரம் நிற்காமல் ஓடியதற்காகவும் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அவசர ஆர்டர் ஒன்று உள்ளே நுழைந்தால் ஒருவருக்கு லாபம். இன்னொருவருக்கு ஓடுகிற வேலையை நிறுத்தி, அமைப்பை மாற்றி, அரை நாள் போச்சு. அந்த நாற்காலிகளில் யாரை உட்கார வைத்தாலும் சீக்கிரமே முறைத்துக்கொள்வார்கள். அவசர ஆர்டரை ஏற்பது யார் முடிவு, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வந்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். இதை நிர்வாக இயக்குநர்தான் செய்ய முடியும். அவர் பயிற்சி வகுப்பை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்!

ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதி வாங்குங்கள்: தனியறையில் ஆலோசகர் கேட்டறிந்ததில் எது நிர்வாகத்துக்குப் போகும், எது போகாது. இது இல்லையென்றால் ஆலோசகரை நிர்வாகத்தின் ஒற்றர் என்றே நினைப்பார்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அப்புறம் வேலை நடக்கும் விதம். முதலில் இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும், கீழே இருப்பவர்கள் சிலரிடமும். அதன் பிறகே நேருக்கு நேர். அங்கே “அவர் என்றைக்குமே சொன்ன தேதிக்குக் கொடுத்ததில்லை” என்று ஒருவர் ஆரம்பிப்பார். நல்ல நடுவர் அதை விடமாட்டார்: “கடைசியாக எந்த ஆர்டர்? எந்தத் தேதி சொன்னார்கள்? தள்ளிப்போவது உங்களுக்கு எப்போது தெரிந்தது?” பல நேரம் மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் வெளியே வரும். தாமதத்தைவிட, வாடிக்கையாளர் வாயால் அதைக் கேட்க நேர்ந்ததுதான் வலித்திருக்கும். அப்படியானால் தீர்வும் வேறு: தேதி தள்ளினால் அன்றைக்கே ஒரு போன்.

முடிவில் கைகுலுக்கிப் படம் எடுப்பதெல்லாம் இருக்கட்டும். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மாதம் கழித்து ஆலோசகர் திரும்ப வந்து அதை வரிக்கு வரி பார்க்க வேண்டும். அந்த வருகைக்கான கட்டணத்தையும் இப்போதே பேசிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விசாரிக்கும்போது பாலியல் தொல்லை, மிரட்டல், கணக்கில் மோசடி என்று ஏதாவது தலைகாட்டினால் சமரசத்தை அந்த நிமிடமே நிறுத்துங்கள். அது முறையான விசாரணைக்குப் போக வேண்டிய புகார், அதை நடத்துபவரும் வேறு ஆளாக இருக்க வேண்டும்.