முழங்கை முழுசா நீட்டேலாமல் இருக்கோ? உங்கட கேள்வியளுக்கு பதில்

மகனுக்கு 9 வயசு, மாமரத்தால விழுந்து முழங்கைக்கு மேல முறிஞ்சது. பிளாஸ்டர் கழட்டி 3 கிழமை, கை இன்னும் நேரா வரேல்லை. எண்ணெய் போட்டு உருவி இழுக்கச் சொல்லினம், செய்யலாமோ? (கோப்பாய்)

வேண்டாம் அம்மா, தயவுசெய்து இழுக்க வேண்டாம். முழங்கை அசையாமல் கிடந்தா கெதியா இறுகிப்போற மூட்டு, அதால பிளாஸ்டர் கழட்டினாப்பிறகு வளைஞ்சு நிக்கிறது வழமைதான், சின்னப்பிள்ளையளுக்கு விளையாடி, குளிச்சு, சாப்பிட்டு தன்பாட்டில பெரும்பாலும் திரும்பி வரும், என்ன, சில மாசம் எடுக்கும். ஆனா நோக நோக உருவி, வாளியில தண்ணி தூக்க வைச்சு நேராக்க வெளிக்கிட்டா தசை கிழிஞ்சு ரத்தம் கண்டி, அந்த இடத்தில எலும்பு வளரவும் கூடும், பிறகு கை நிரந்தரமா மடங்கினபடியே நிண்டுடவும் கூடும். நல்லா வரவேண்டிய கை இப்பிடிப் போறதை பாக்க மனசு கேக்காது. அவனே மடக்கி நீட்டட்டும், நோ தாங்கிற அளவுக்கு மட்டும். கிளினிக் திகதியை விடாதேங்கோ. விரல் விறைச்சாலோ மடக்க ஏலாமல் போனாலோ உடன காட்டோணும்.

2 வயசுப் பேத்தி விழப்பாத்தாள் எண்டு கையில பிடிச்சு இழுத்தது, அதுக்குப்பிறகு கையை அசைக்கிறாளில்லை. (மானிப்பாய்)

முன்கையில இருக்கிற ஆரை எலும்பின்ட தலை, முழங்கையில அதைச் சுத்தியிருக்கிற நாரில இருந்து கொஞ்சம் வழுவியிருக்கும், இந்த வயசில அடிக்கடி வாறது. தெரிஞ்ச டொக்டர் ஒரு நிமிசத்தில சரியாக்கிவிடுவார். வீட்டில திருகிப் பாக்காதேங்கோ, இனிமேல் தூக்கேக்க கமக்கட்டுக்க பிடிச்சு தூக்குங்கோ.

மேசன் வேலை, 50 வயசு. விழவே இல்லை, ஆனா வலக்கை நீட்டேலாது, இடைக்கிடை பூட்டுப்பட்ட மாதிரி நிண்டிடும். (சுன்னாகம்)

வருசக்கணக்கா பாரம் தூக்கின மூட்டு தேய்ஞ்சு, ஓரங்களில எலும்பு முளைச்சு நீட்டுறதை தடுக்கும். பூட்டுப்படுறது எண்டா உள்ளுக்க உடைஞ்ச சின்னத் துண்டு ஒண்டு ஓடித் திரியக்கூடும், எக்ஸ்ரே எடுங்கோ ஐயா. கடைசி 30 பாகை நீளாட்டியும் அன்றாட வேலை கனக்க செய்யலாம், அதால எல்லாருக்கும் ஒப்பரேசன் தேவையில்லை. துண்டு இருந்து அடிக்கடி பூட்டுப்பட்டா மட்டும் அதை எடுக்கிறதைப் பற்றி யோசிக்கலாம்.

ஜிம் தொடங்கி 2 நாள், ரெண்டு கையும் நீட்டேலாது.

புதுசா பாரம் தூக்கின தசை நோ, ஒரு கிழமைக்குள்ள போயிடும். ஆனா சலம் தேத்தண்ணி நிறத்தில போனா அண்டைக்கே ஆஸ்பத்திரி, தசை சிதைஞ்சு ரத்தத்தில கலந்திருக்கலாம், அது சிறுநீரகத்தை பாதிக்கும்.

மோட்டச்சைக்கிளால விழுந்தனான், வீக்கம் பெருசா இல்லை, ஆனா நேராக்கேலாது.

எக்ஸ்ரே எடுக்கோணும், வெடிப்பு இருக்கலாம். விழாமலே முழங்கை சூடாகி வீங்கி காய்ச்சலும் எண்டா அது மூட்டுக்குள்ள கிருமியா இருக்கலாம், விடியட்டும் எண்டு பாக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு போங்கோ, வாகனம் இல்லையெண்டா அம்புலன்சுக்கு 1990க்கு அடியுங்கோ.