உறைபனிக் காலத்தில் வெடிக்கும் கைகள்

கேள்வி: உதகையில் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கிறேன். டிசம்பர் பிறந்தாலே இரண்டு கைகளும் வெடித்து ரத்தம் கசிகிறது. புளி கரைக்கும்போது தாங்க முடியாத எரிச்சல். இரவில் தேங்காய் எண்ணெய் தடவியும் ஆறவில்லை. என்ன செய்வது?

பதில்: வெடிப்பைத் தொடங்கி வைப்பது பனி, அதை ஆறவிடாமல் வைத்திருப்பது தண்ணீரும் சோப்பும். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே இருக்கும் இயற்கையான கொழுப்புதான் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கிறது. முகத்தில் இருப்பதைப் போன்ற எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளங்கையில் இல்லை. உறைபனி நாட்களில் காற்றில் நீராவி மிகவும் குறைந்து தோல் வேகமாக உலரும் நிலையில், சுடுதண்ணீரும் பாத்திர சோப்பும் அந்தக் கொழுப்பையும் கரைத்துவிட்டால், விறைத்துப்போன தோல் விரலை மடக்கும் இடத்திலேயே பிளந்துவிடுகிறது.

தேங்காய் எண்ணெயில் குறையில்லை. தடவும் நேரத்தில்தான் குறை. எண்ணெய் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை, இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. எனவே காய்ந்த கையில் இரவு ஒருமுறை தடவுவதைவிட, கை கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றியெடுத்து, ஈரப்பதம் மாறுவதற்குள் தடவுவதே பலன் தரும். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதால், உங்கள் ஊர்க் குளிரில் பெட்ரோலியம் ஜெல்லி கைக்கு எளிது. பிசுபிசுப்பு இருந்தாலும் நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். பட்டாணி அளவு எடுத்து, விரல் இடுக்கு, நகக்கண், கட்டை விரலின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் மறக்காமல் பூசுங்கள். இரவில் சற்றுத் தாராளமாகப் பூசி, பருத்திக் கையுறையோ பழைய பருத்திக் காலுறையோ அணிந்து தூங்குங்கள். யூரியா கலந்த களிம்பும் நல்லதுதான், ஆனால் திறந்த வெடிப்பில் கடுமையாக எரியும் என்பதால், புண் மூடிய பிறகே அதைத் தொடங்க வேண்டும்.

பாத்திரம் விளக்க வெதுவெதுப்பான தண்ணீரே போதும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் அதன்மேல் ரப்பர் கையுறையும் அணியுங்கள். உள்ளுறை வியர்வையில் நனைந்துவிட்டால் உடனே மாற்றுங்கள், ஏனென்றால் அந்த ஈரமும் தோலை ஊறவைத்துக் கெடுக்கும். அடுப்பருகே மட்டும் ரப்பர் கையுறை வேண்டாம். மோதிரத்தின் அடியில் சோப்பு தங்கிவிடுவதால், வேலை நேரத்தில் அதைக் கழற்றி வையுங்கள். திறந்த வெடிப்பின் மீது தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுவது உங்களுக்கும் நல்லது, உணவு உண்ணும் குழந்தைகளுக்கும் நல்லது; புண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் உணவில் கலந்தால் வாந்தி, பேதி வரலாம்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். வலது கையால் கத்தி பிடிப்பவர்களுக்கு, பூண்டைப் பற்றும் இடது கையின் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் மட்டும் வெடிப்பு இருந்தால், அது பனியால் வந்ததாக இல்லாமல் பூண்டு ஒவ்வாமையாக இருக்கக்கூடும். மலைப்பூண்டு விளையும் ஊரில் தினமும் கிலோ கணக்கில் உரிப்பவர்கள் இதைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். பூண்டு உரிக்கும் வேலையைச் சில வாரங்கள் வேறொருவரிடம் கொடுத்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாகப் பூச வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். முதல் வாரம் பளிச்சென்று குணமாவதுபோல் தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், உள்ளே படர்தாமரை இருந்தால் அது மறைந்திருந்து பரவும். ஒரு கையில் மட்டும் செதில் உதிர்ந்தாலோ, அரிப்போடு சிறு நீர்க்கொப்புளங்கள் வந்தாலோ, சீழ் வைத்தாலோ, இரண்டு மூன்று வாரங்கள் இப்படிப் பராமரித்தும் ஆறாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். சிவப்பு, வீக்கம், காய்ச்சல் ஆகியவை சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.